மீதிப் பதினான்கு நிமிடம்

கிளெனிஸ் டிரான்டரின் வாயிலிருந்து ஒரு படத்தின் கதையைப் பிடுங்கிய ஆள், தீவின் கடலோரச் சிற்றூரான வின்யார்டில் கிடையாது. நன்றாக இருக்குமா என்று கேட்கலாம். எவ்வளவு பயமாக இருக்கும் என்று கேட்கலாம். விரல் விட்டுக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் பிள்ளைகளோடு பார்க்கலாம். ஐந்தும் விரிந்தால் வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். ஆனால் கதை என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இறைச்சிக் கடையில் வந்து தயிர் கேட்டவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவாள். அந்தக் கட்டுப்பாட்டில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

டேபிள் முனைக்குப் பக்கத்தில், சிவப்பு மண்ணில் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பம் அவளுடையது. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும், காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குக்கு அவளையும் கூட்டிப் போனார்கள். பின் சீட்டில் கம்பளிக்குள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பேய்ப் படம் பார்த்தார்கள். திரையில் என்ன ஓடியது என்பது அவளுக்கு இன்றைக்கும் சரியாக நினைவில்லை. முன் சீட்டுகளின் இடுக்கு வழியாக அம்மாவின் முகம் தெரிந்தது. முட்ட வந்த காளையைக் கையில் இருந்த வாளியாலேயே மூஞ்சியில் போட்டு விரட்டிய அம்மா, அன்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண்போல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் கிளெனிஸுக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. வாழ்நாள் முழுக்க அவள் தேடியது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முப்பத்தொரு வயதில் ஊரின் வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடை மூடும்வரை இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தாள். பேய்ப் பட அலமாரி முழுக்க அவள் ராஜ்ஜியம். தனக்குப் பிடித்த படங்களுக்குக் கீழே மஞ்சள் அட்டையில் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டுவாள். "சாப்பிட்டவுடனே பார்க்க வேண்டாம்." "கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடவும்." "மாமியார் வந்திருக்கும் நாளுக்கு ஏற்றது." கதை ஒரு சொல்கூட இருக்காது. அந்த அட்டையை நம்பித்தான் பாதி ஊர் படம் எடுத்தது. ஒருமுறை நண்டு பிடிக்கப் போகிற ஒருவன், படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில், வரிசையில் நாலு பேர் நிற்க, "கடைசில அந்த டாக்டர்தான்யா எல்லாத்தையும் பண்ணினவன்" என்று உளறிவிட்டான். கிளெனிஸ் கவுண்டரை விட்டு வெளியே வந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"மூணு மாசத்துக்கு இந்தப் படி மிதிக்கக் கூடாது. படம் வேணும்னா உன் பொண்டாட்டிய அனுப்பு."

அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் மனைவிக்குக் காதல் படம்தான் பிடிக்கும். மூன்று மாதம் அவன் பட்ட பாட்டை மீன்பிடித் துறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிளெனிஸின் கணவன் ராஸ் மர லாரி ஓட்டுகிறவன். பேய்ப் படம் ஓடுகிற அறைப் பக்கமே வரமாட்டான். "ஈர ரோட்டுல நாப்பது டன் மரத்தை ஏத்திக்கிட்டு மலை இறங்குறேன். எனக்கு அந்தப் பயமே போதும். காசு குடுத்து வேற பயப்படணுமா?" என்பான். அதனால் வீட்டில் அவளுக்கு ஒரு முகமும் கிடைக்கவில்லை.

வீடியோ கடை மூடியதும் கடைத்தெருப் பேக்கரியில் கவுண்டர் வேலைக்குப் போனாள். படத்தை விடவில்லை. தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் தலைவர் மெர்வ் அவளைவிடப் பெரிய பைத்தியம், ஆனால் பயங்கரக் காட்சி வந்தால் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று பக்கத்து ஆளைக் கேட்கிற ரகம். இருவரும் சேர்ந்து சனிக்கிழமை மதியங்களில் தீயணைப்புக் கொட்டகையில் படம் போடத் தொடங்கினார்கள். வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னல்களில் கறுப்புத் துணியைக் கட்டி, வண்டி நின்ற இடத்தில் இருபது நாற்காலி போடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு தட்டு தின்பண்டம் கொண்டுவர வேண்டும். படம் ஓடும்போது யாரும் பேசக் கூடாது, யார் கேட்டாலும் கதை சொல்லக் கூடாது. தீயணைப்புச் சங்கு ஊதினால் மட்டும்தான் படம் நிற்கும். ஊதினால் பாதிப் பேர் எழுந்து ஓடுவார்கள். மீதிப் பேர் தேநீர் போட்டுக் குடித்தபடி, கதையைப் பற்றி மூச்சு விடாமல், அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பார்கள். ஒருமுறை புல்வெளித் தீயை அணைத்துவிட்டு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பிறந்தநாள் படம் என்று ஒரு வழக்கமும் அங்கே வளர்ந்துவிட்டிருந்தது. யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் அவருக்கென்று ஒரு படம் தேர்ந்தெடுப்பார். படத்தின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. படம் கொடுத்தவருக்குப் படம் பார்க்கவும் உரிமை இல்லை. திரைக்குப் பக்கத்தில், பார்ப்பவர்களை நோக்கி ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து பிறந்தநாள்காரரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதுதான் கொடுத்தவருக்குக் கூலி. இந்த நாற்காலி யாருடைய யோசனை என்று சொல்லத் தேவையில்லை.

நோலீன் பாஸ்கோ, அந்தப் பேக்கரியின் பின்கட்டில் மாவு பிசைகிறவள். கறிப்பொடி போட்ட சிப்பியை மாவு ஓட்டுக்குள் வைத்து அவள் சுடுகிற சிப்பிக் கறிப் பைக்காக டெவன்போர்ட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கிளெனிஸைவிட மூன்று வயது மூத்தவள். தோளில் மாவு அப்பியிருக்க, காதில் பென்சில் செருகியிருக்க, எதற்கும் அசராமல் பேசுவாள்.

"பேய்ப் படமா? நான் பாக்காத பேயா? மூணு வருஷம் எங்க மாமியார் கூட இருந்தவடி நான்" என்றாள், கிளெனிஸ் முதல்முதலில் கூப்பிட்டபோது.

"ஒண்ணே ஒண்ணு பாரு. பிடிக்கலன்னா உன்னைக் கேக்கவே மாட்டேன்."

"கதை என்ன?"

"நோலீன்."

"சரி சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. வர்றேன்."

வந்தாள். ஐம்பத்தாறு வயதில் பேய்ப் படம் பார்க்கத் தொடங்கி, நாலே மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் விடாதவள் ஆனாள். அவளுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருக்கும் கிளெனிஸின் தொடையில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். ஞாயிறன்று கிளெனிஸ் கன்றிப்போன தொடையை ராஸிடம் காட்டிப் பெருமைப்படுவாள். நோலீனுக்கு எந்தப் படம் எங்கே சிரிப்பை வரவழைக்கும், எங்கே அடி விழும் என்று அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புதுத் தோழி கிடைப்பது லேசான காரியமில்லை. கிளெனிஸுக்குக் கிடைத்தாள். பேக்கரியிலும் கொட்டகையிலுமாக நாலு வருடம் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள்.

நோலீனின் மகன் டேரின் பத்தொன்பது வயதில் கடலில் போனவன். தொண்ணூற்று மூன்றில், ஒரு செப்டம்பர் காலையில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாக மீன் பிடிக்கப் போனான். படகு சோமர்செட் பக்கம் ஒதுங்கியது. அவன் கிடைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஊரே அதைப் பற்றிப் பேசாமல் இருந்து பழகியிருந்தது. நோலீன் ஒரே ஒருமுறை கிளெனிஸிடம் அதைப் பேசினாள். பேக்கரியில் அடுப்பு சூடாகக் காத்திருந்த ஒரு விடியற்காலை.

"எங்க வீட்டுப் பின்வாசல் வலைக்கதவு காத்துல அடிச்சுக்கும் பாரு. அவன் எப்பவும் அதை அறைஞ்சு சாத்திட்டுத்தான் உள்ள வருவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். இப்பவும் அது அடிச்சுதுன்னா எந்திரிச்சுப் போயிடுறேன் கிளெனிஸ். போய்ப் பாத்துட்டு, ஒண்ணுக்குப் போறதுக்குத்தான எந்திரிச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்."

கிளெனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு மணி அடித்ததும் நோலீன் கையை உருவிக்கொண்டு தட்டுகளை உள்ளே தள்ளப் போய்விட்டாள்.

அடுத்து நடந்ததற்குத் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. கிளெனிஸுக்கு எல்லாம் தெரியும். நோலீனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தேர்ந்தெடுத்தது "உப்புப் படிக்கட்டு" என்ற படம். கடலோர வீடு ஒன்றில் தனியாக இருக்கும் தாய். காணாமல் போன மகன். ஒவ்வோர் இரவும் பின்கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கடைசியில் ஓர் இரவு அவள் கதவைத் திறக்க, மகன் நனைந்துபோய் நின்றுகொண்டிருப்பான். கிளெனிஸ் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் அந்தக் கதவு திறக்கும் இடத்துக்கு இணையாக இன்னொரு இடம் கிடையாது.

ஆனால் அவள் அந்தப் படத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது முடிவுக்காக. கதவு திறந்த பிறகு பதினான்கு நிமிடம் பாக்கி இருக்கும். வந்தது பேய் என்றே தாயும் நினைப்பாள், பார்க்கிற நாமும் நினைப்போம். அவள் கோடரியைக்கூடக் கையில் எடுத்துவிடுவாள். பிறகுதான் தெரியும், அது மகனேதான், உயிரோடுதான் வந்திருக்கிறான் என்று. பேய்ப் படத்தில் அப்படி ஒரு முடிவை யார் எதிர்பார்ப்பார்கள்? நோலீனுக்கு இது மருந்தாக இருக்கும் என்று கிளெனிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யுமில்லை. ஆனால் அந்தக் கதவு திறக்கும்போது நோலீனின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. மருந்து என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த யோசனை. இதைப் பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மெர்வ் படத்தின் வட்டைக் கையில் வாங்கிப் பெயரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அம்மணி, இதுவா?"

"இதுதான்."

"நோலீன் காதுல ஒரு வார்த்தை போட்டு வெச்சா என்ன? முழுசாச் சொல்ல வேண்டாம். இந்த மாதிரி விஷயம் வரும்னு மட்டும்."

"சொல்லிட்டுக் குடுத்தா அது பரிசு இல்ல மெர்வ், மளிகைச் சீட்டு. முடிவு உமக்குத் தெரியும் இல்ல? முடிவை நினைச்சுப் பாரும்."

"முடிவு சரிதான். அதுவரைக்கும் அவ போய்ச் சேரணுமே."

"நோலீனை எனக்குத் தெரியாதா?"

மெர்வ் தொப்பியை மாட்டிக்கொண்டு வட்டைப் பெட்டிக்குள் செருகினார். கதை சொல்லக் கூடாது என்ற விதி அவரும் சேர்ந்து போட்டதுதான். அதை மீறச் சொல்லி வற்புறுத்த அவருக்கும் நா எழவில்லை.

நோலீன் புது நீலச் சட்டை போட்டு வந்திருந்தாள். தன் பிறந்தநாளுக்குத் தானே இரண்டு தட்டு சிப்பிக் கறிப் பை சுட்டுக் கொண்டுவந்து, "வேற எவளாவது சுட்டா உங்களுக்கு இறங்குமா?" என்று எல்லார் தட்டிலும் வைத்தாள். முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். கிளெனிஸ் ரிமோட்டோடு தன் நாற்காலியில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முதல் அரைமணி நேரம் நோலீன் சிரித்தாள். அடிக்கத் தொடை இல்லாததால் தன் கைப்பையை அடித்தாள். முதல்முறை பின்கதவு அறைந்தபோது சிரிப்பு நின்றது. இரண்டாம் முறை அறைந்தபோது கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிளெனிஸ் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தாள். விரல் ஒருமுறை ரிமோட்டின் மேல் போயிற்று. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை. அவள் காதெல்லாம் அந்தக் கதவின் கீல் ஓசைக்காகவே காத்திருந்தது.

கதவு திறந்தது. கொட்டகையே ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. மெர்வின் தொப்பி முகத்துக்கு ஏறியது. நோலீன் கத்தவில்லை, வாயைப் பொத்தவில்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் போயிற்று. தலையைத் திருப்பி, இருட்டில் எதையோ தேடினாள். பிறகு எழுந்து, முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையைத் தரையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

மெர்வ் பாதி எழுந்து, படத்தை நிறுத்தும்படி கையைக் காட்டினார். கிளெனிஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வந்துடுவா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "பாத்ரூமுக்குத்தான் போயிருப்பா."

பதினான்கு நிமிடம் அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது வந்தாலும் முடிவைப் பார்த்துவிடலாம் என்றுதான் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. படம் முடிந்து எல்லாரும் கை தட்டியபோதுதான் நோலீன் வரமாட்டாள் என்று அவளுக்கு உறைத்தது. வெளியே ஓடினாள். நோலீனின் கார் இல்லை. வீட்டுக்குப் போய் மணியடித்தாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. யாரும் வந்து திறக்கவில்லை.

திங்கட்கிழமை நோலீன் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். "குட் மார்னிங்" என்றாள். "ரெண்டு தட்டு ரெடி, எடுத்துக்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை, தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் இன்னும் தேவலை. அவள் கடைக்கு வருகிற வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசினாள். சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. ஒரு மாதம் தாங்கிப் பார்த்துவிட்டு கிளெனிஸ் ஒருநாள் விடியற்காலையில் பின்கட்டுக்குள் போய் நின்றாள்.

"நோலீன், நான் பண்ணினது தப்பு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இல்ல, நீ எந்திரிச்சப்பவாவது நிறுத்தியிருக்கணும். மன்னிச்சுடு."

நோலீன் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தீப்பிடிச்சாத்தான நிறுத்துவீங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லாத."

"சொல்லலன்னு எனக்குக் கோவம் இல்ல. அது உன் வியாதி, எனக்குத் தெரியும். அந்தக் கதவு திறந்ததும் எனக்கு மூச்சு நின்னு போச்சு. உன்னைத்தான் தேடினேன். இருட்டுல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்து, உன்னைக் கண்டுபிடிச்சேன்." மாவைத் திருப்பிப் போட்டாள். "நீ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே."

கிளெனிஸுக்குத் தான் சிரித்தது தெரியாது. ஆனால் சிரித்திருப்பாள் என்பதில் சந்தேகமும் இல்லை. இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்று ஒவ்வொருவருக்கும் படத்தை நீட்டியபோது அந்தச் சிரிப்புத்தான் அவள் முகத்தில் இருந்தது.

"முடிவு அப்படி இல்ல நோலீன். நீ முடிவைப் பாத்திருந்தா—"

நோலீன் மாவுக் கையைத் தூக்கித் தடுத்தாள். "கவுண்டர்ல ஆள் நிக்குது, போ."

அதன் பிறகு கிளெனிஸ் கொட்டகைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவாள். யாராவது "ஏதாவது நல்ல படமாச் சொல்லு கிளெனிஸ், பேய்ப் படமா" என்று பேக்கரியில் கேட்டால், "எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்பாள். கேட்டவர்கள் விழிப்பார்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு முடி வெட்டத் தெரியாது என்கிற நாவிதனைப் பார்த்தால் வேறு என்ன செய்ய முடியும்? மெர்வ் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். ராஸ்கூட, "போய்ட்டு வாயேன், வீட்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன கிடைக்கப்போகுது?" என்றான்.

அவளை உறுத்திக்கொண்டே இருந்தது அந்தப் பதினான்கு நிமிடம்தான். நோலீன் மட்டும் பொறுத்திருந்தால். கொஞ்சம், ஒரு பதினான்கு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மகன் திரும்பி வருவதைப் பார்த்திருப்பாள். எல்லாம் சரியாகியிருக்கும். தப்பு தன்னுடையதுதான் என்று வாயால் சொன்னாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில் கிளெனிஸ் அந்தக் குற்றத்தை நோலீனின் தலையிலும் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்திருந்தாள். நல்லவர்கள்கூட இப்படித்தான். முழுப் பாரத்தையும் தனியாகச் சுமக்க யாருக்குத்தான் மனம் வருகிறது?

இப்படியே மூன்று வருடம் ஓடிப்போயிற்று. நோலீன் வேலையை விட்டுவிட்டு, வீட்டை விற்று, குயின்ஸ்லாந்தில் கரும்புக் காட்டுப் பக்கம் இருக்கும் தங்கையோடு போய் இருப்பதென்று முடிவு செய்தாள். தீவிலிருந்து மறுகரைக்குப் போகும் கப்பல் டெவன்போர்ட்டிலிருந்து. அவளைக் கொண்டுபோய் விடுவதாக ராஸ் ஒப்புக்கொண்டிருந்தான். கிளம்புகிற நாள் காலை பார்த்து அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கிளெனிஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது நோலீன் ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டிகளைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்தாள்.

பர்னி தாண்டும்வரை இருவரும் தங்கையின் வீடு, அங்குள்ள வெயில், பேக்கரியில் புதிதாகச் சேர்ந்தவள் போடுகிற கல் மாதிரியான ரொட்டி என்று பேசினார்கள். பென்குவின் ஊர் தாண்டிக் கடல் மீண்டும் சாலையோரம் வந்தபோது நோலீன் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"காலையில வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன். பின்கதவை நானே பூட்டிட்டு வந்தேன். இனிமே அது அடிச்சா எந்திரிச்சுப் போறது வேற யாரோ." கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு, "அந்தப் படம் கடைசில என்ன ஆச்சு?" என்றாள்.

கிளெனிஸ் தன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு படத்தின் முடிவைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. முன்னும் பின்னுமாக, தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். அம்மா கோடரியை எடுப்பாள். அவனைத் துரத்திக்கொண்டு போவாள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, குளிருதும்மா என்பான். அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

"என்ன தெரியும்?"

"அவன்தான்னு. பேய் இல்ல, அவனேதான். எங்கயோ தீவுல ஒதுங்கி, பொழைச்சு வந்திருப்பான். அம்மா அவனுக்குத் துண்டு எடுத்துக் குடுப்பா. அப்புறம் ரெண்டு பேரும் சமையலறையில உக்காருவாங்க. பசிக்குதுன்னு ரொட்டி கேப்பான். அவ வெண்ணெய் தடவிக் குடுப்பா. அவ்வளவுதான். விடிஞ்சுடும்."

சொல்லி முடித்ததும் கிளெனிஸுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மூன்று வருடமாகச் சொல்லத் துடித்ததைச் சொல்லியாயிற்று. நோலீன் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அல்வர்ஸ்டோன் பாலம் வந்தது.

"நல்லவேளை, எந்திரிச்சுப் போனேன்" என்றாள்.

கிளெனிஸ் வேகத்தைக் குறைத்தாள்.

"பேய்னா தாங்கலாம் கிளெனிஸ். அன்னிக்கு நான் பாத்தது பேய்தான்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் குடிச்சேன். அழுதேன். மறுநாள் எந்திரிச்சு ஈஸ்ட்டு கலந்தேன். அவன் உயிரோட வந்து உக்காந்து ரொட்டி கேக்குறதை மட்டும் பாத்திருந்தேன்னா..." அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "அந்த அம்மாவுக்குக் கிடைச்சுட்டான். எனக்கு எதுக்குக் காட்டணும் அதை?"

கிளெனிஸ் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினாள். முடிவுதான் மருந்து என்று நினைத்திருந்தாள். தோழி எழுந்து போனதால்தான் எல்லாம் கெட்டது என்று மூன்று வருடம் நினைத்திருந்தாள். அந்தப் பதினான்கு நிமிடத்தையும் நோலீன் உட்கார்ந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். படம் முழுவதிலும் கொடூரமான இடம் கதவு அல்ல, கடைசியில் அவன் ரொட்டி கேட்கிற இடம். ஆயிரம் படம் பார்த்தவளுக்கு அது தெரியவில்லை.

"மன்னிச்சுடு நோலீன்."

"ஏற்கெனவே கேட்டுட்டே."

"அது படத்தை நிறுத்தாததுக்கு. இது, அந்தப் படத்தை உனக்குன்னு எடுத்ததுக்கு."

நோலீன் அவள் பக்கம் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன, குரல் மட்டும் மாவு பிசையும்போது இருக்கிற அதே குரலாக இருந்தது.

"இதை நீ அன்னிக்கே சொல்லுவேன்னு ஒரு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன். வண்டிய எடு, கப்பல் போயிடும்."

துறைமுகத்தில், வண்டியில்லாமல் கப்பலேறுகிறவர்களின் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. கிளெனிஸ் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தாள். நோலீன் ஒரு பெட்டியை ஒரு கையிலும் மற்றொன்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டதால், கட்டிப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லாமல் போயிற்று.